மெற்றில்டாவின் போத்தல்

3.5.99 திங்கள்
காலை ஏழுக்கே முதுகைச் சுடும் வெயில். பேக்கரி வகுப்பில் மா அரிப்பு, வண்டு பொறுக்க ஒரு மணித்தியாலம். ஈஸ்ட்டை ஆமி வவுனியா தாண்டி இந்தப் பக்கம் விடாது. ஆறு மாதமாகப் பனங்கள்ளு விட்டுத்தான் மாவைப் பொங்க வைக்கிறோம். அம்மா தினமும் என் வாயை மணந்து பார்க்கிறார்.

வெள்ளி சோதனை என்று ரீச்சர் சொன்னார். முதலாவதாக வருபவருக்கு வவுனியா சமையல் பள்ளியில் இடம். எல்லை தாண்டிப் போக அனுமதிப் பாஸும் எடுத்துத் தருவார்களாம். ஒரே ஓர் இடம். எனக்கு வேண்டும். கேக், ஐசிங், விறகில்லாமல் சுடும் கறண்ட் போறணை. தர்மபுரத்துப் புழுதியில் கிடந்து சாக என்னால் ஏலாது.

தடை மெற்றில்டா. (இனி மெ.) முல்லைத்தீவுக் கரைக்காரி. கிட்டப் போனால் கருவாட்டு மணம் என்று சொல்லிப் பரப்பியது நான்தான். ஒரு மணமும் இல்லை. ஆனாலும் இப்போது ஒருவரும் அவளோடு இருந்து சாப்பிடுவதில்லை. அவள் கை பட்டால் மா பொங்குகிறது, சனியன்.

5.5 புதன்
வாங்க வேண்டியது: சவர்க்காரம். நல்லெண்ணெய். மண்ணெண்ணெய், கிடைத்தால்.

மதியம் மெ. தன் கதை சொன்னாள். மகள் டிலானிக்கு ஆறு வயது. செல் வெடித்துக் காயம்பட்ட காலோடு மடத்துச் சிஸ்டர்மார் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அவர்களுடைய விடுதியில். தாய்க்குப் பாஸ் கிடைக்கவில்லை. இரண்டு வருடம்.

"என்ர முகம் மறந்திருப்பாள்" என்றாள்.

நானும் கண்ணைக் கசக்கினேன். சைக்கிளில் வரும்போதுதான் எரிச்சல். பிள்ளை இருந்தால் முதலாம் இடம் கொடுக்க வேண்டுமா?

7.5 வெள்ளி
சோதனை. சீவல்காரர் கந்தையா அண்ணை விடிய வந்து ஆளுக்கொரு போத்தல் கள்ளு வைத்துவிட்டுப் போனார். மெ. விறகு எடுக்கப் போன நேரம் பார்த்து அவள் போத்தலில் சுண்ணாம்பு போட்டேன். அம்மாவின் வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பு, நெல்லிக்காய் அளவு. நன்றாகக் குலுக்கினேன். கருப்பநீர் இறக்கும் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவதே கள்ளாய்ப் புளிக்காமல் இருக்கத்தானே. பிறகுதான் விரல் எரிந்தது.

பதினொரு மணிக்கு என் மா துணியைத் தள்ளிக்கொண்டு எழும்பியது. அவளுடையது படுத்தபடியே. அப்படியே போறணையில் போட்டுப் பாண் சுட்டாள். ரீச்சர் தூக்கிப் பார்த்து, "இதை அம்மிக் குழவிக்கு வைச்சுக்கொள்ளும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆகக் கூடச் சிரித்தது நான்.

பழி கந்தையா அண்ணைக்கு. முட்டி மாறிக் கருப்பநீரைக் கொண்டுவந்துவிட்டாராம். இனி அவரிடம் கள்ளு எடுப்பதில்லை என்று முடிவு. வாசலில் நின்று முருகன் மேல் ஆணையிட்டார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் முதலாவது. அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்தார்.

8.5 சனி
மெ. வீடு தேடி வந்தாள். அந்தக் குழவிப் பாணை மெல்லிசாக வெட்டி, திரும்பப் போறணையில் வாட்டித் துணிப்பையில் கட்டியிருந்தாள். பழுதாகாதாம்.

"பிள்ளையிட்டக் குடுத்துவிடுங்கோ தங்கச்சி. அம்மா சுட்டது எண்டு சொல்லுங்கோ."

ஒரு சொட்டுக் கோபம் இல்லை முகத்தில். அதுதான் எனக்கு ஆத்திரம்.

24.5 திங்கள்
வவுனியா. சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் துணிப்பையைக் கொட்டிக் கிளறினான். அங்கேயே விட்டிருக்கலாம். பொறுக்கிக் கட்டினேன், ஏனென்று தெரியாது. பள்ளியில் கறண்ட் போறணை ஆறு. ஈஸ்ட் டின் டின்னாக அடுக்கியிருக்கிறது.

பின்னேரம் விடுதி. டிலானி நொண்டி நொண்டி வந்தாள். அம்மா சுட்டது என்றேன். ஒரு துண்டைக் கடித்தாள்.

"கைக்குது."

துப்பவில்லை. முழுவதும் தின்றாள். மடியில் விழுந்த தூளையும் விரலால் ஒற்றி நக்கினாள். மிச்சத்தை முடிந்து வைத்தாள், நாளுக்கு ஒன்றாம்.

"அம்மா ஏன் வரேல்ல?"

ஓர் இடந்தான் இருந்தது என்றேன்.