கோபமில்லாதவர்களின் சண்டை

என் செல்ல அண்ணனுக்கு,

உன்னைச் சுட்ட சீனாக்காரனுக்கு உன்மேல் கோபமே கிடையாது. கோபப்பட்டவர்கள் ஒருவரும் அந்தப் பனிமலைக்கு வரவில்லை.

ஆவூர் மாதா கோவிலில் உனக்காக முப்பதாம் நாள் பூசை நடந்தது. மனித மனத்தின் ஆசையும் ஆத்திரமும்தான் போருக்கு வேர் என்று சாமியார் பிரசங்கம் செய்தார். பிறவிக் குணம் என்றால், கொல்லக் கற்றுக்கொடுக்க உனக்கு எதற்குப் பட்டாளத்தில் மாதக்கணக்கில் பயிற்சி? கோழி அறுத்தாலே கொல்லைப்பக்கம் ஓடிவிடுகிறவன் அல்லவா நீ?

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சரித்திர வாத்தியாரைக் கேட்டேன். "ஒங்க வரப்ப எவனாச்சும் வெட்டுனா முன்சீப் கோர்ட்டுக்குப் போவீங்க. தேசத்துக்கு மேல கோர்ட்டு ஏதும்மா? அதான் சண்டை" என்றார். நியாயமாகத்தான் பட்டது. கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்த ஆத்தாவிடம் சொன்னேன்.

"இந்தக் கல்லு எதுன்னு தெரியுமாடி?" என்றாள் ஆத்தா. "சமஸ்தானத்து எல்லைக்கல்லு. ஒங்க அண்ணன்தான் உருட்டிக்கிட்டு வந்தான். இதுக்கு இங்கிட்டு மகாராசா, அங்கிட்டு திருச்சி ஜில்லா. ஒருநா மகாராசா சமஸ்தானத்த இந்தியாவோட சேத்துக் கையெழுத்துப் போட்டாரு, இது துவைக்கிற கல்லாயிருச்சு. எவன் செத்தான்? மனசிருந்தா முடியுதுல்ல?"

மனசு இல்லை அண்ணே. டெல்லியை எதிர்த்து நிற்க மகாராசாவுக்குப் பலம் இல்லாததால் விழுந்த கையெழுத்து அது.

வரும் ஞாயிறு திருக்கோகர்ணத்தில் உனக்கு அஞ்சலிக் கூட்டம். ஆத்தா மேடையில் பேச வேண்டியதைக் கூட்டம் நடத்துகிறவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 'இன்னொரு மகன் இருந்தால் அவனையும் தருவேன்.' வாசித்துக் காட்டினேன்.

"இல்லாத புள்ளையக் குடுக்குறது லேசுதானேடி?" என்று சிரித்தாள். அப்புறம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மாட்டேன் என்றால் ஊர் என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும்.

அவளை மேடையேற விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. நானே ஏறுவேன். எதற்காக என் அண்ணன் செத்தான், ஆத்தாவுக்குப் புரிகிற மாதிரி ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள் என்று கேட்பேன். சொல்ல மாட்டார்கள். பாட்டு போடுவார்கள்.

அதற்கு முன் நீ எனக்குச் சொல்லியாக வேண்டும். நீ எவனையாவது சுட்டாயா? சுட்டிருந்தால், எதை நினைத்துச் சுட்டாய்? சொல்லு, அண்ணே.

உனக்கு இருக்கும் ஒரே தங்கை,
செசிலி