மாடியிலிருந்து தெரிந்த இரண்டு வெளிச்சம்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், வழக்கத்துக்காகச் சொல்லவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே சுகம். உன் இருமல் விட்டதா?

போன வாரம் அப்பா என்னைப் படுத்திய பாட்டை யாரிடம் சொல்வது. கண் ஆபரேஷன் முடிந்து அனுப்பும்போதே டாக்டர், ஒன்று இரண்டாகத் தெரிந்தால் உடனே வரவேண்டும் என்று சொல்லியிருந்தார். இந்த மனுஷன் சாயங்காலம் மொட்டைமாடிக்குக் காற்று வாங்கப் போனவர், தண்ணீர்த்தொட்டிக்கு மேலே ஆபரேஷனுக்கு முன்பு தினமும் பார்த்த பெரிய நட்சத்திரம் இரண்டாக நிற்பதைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் இறங்கி வந்திருக்கிறார். அதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை, எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்தார். ஸ்கூல் வேன் முதலாளிக்குப் போன் போட்டு, வேற டிரைவரைப் பார்த்துக்கோங்க, புள்ளைங்க உசிரு விஷயம் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. பிடித்து உலுக்கிய பிறகுதான், கண்ணு போச்சுடி, தூரத்துல இருக்கறது ரெண்டா தெரியுது என்றார்.

எங்கே, காட்டுங்க என்று கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனேன். மேற்கே பளிச்சென்று இரண்டு, ஒட்டினாற்போல, ஒன்று கொஞ்சம் பெரிசு. எனக்கும் ரெண்டுதாங்க தெரியுது என்றால், என் மனசுக்காகச் சொல்லாதே என்கிறார். பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த டீச்சரம்மாவைக் கூப்பிட்டு, அங்க உங்களுக்கு எத்தனை தெரியுது என்று கேட்டேன். ரெண்டு, வெள்ளியும் வியாழனும், இந்த வாரம் கிட்டக்கிட்ட வந்திருக்கு, பேப்பர்லகூட போட்டிருந்தாங்களே என்றார். அப்பா அப்படியே கைப்பிடிச் சுவரில் சாய்ந்துவிட்டார். அப்புறம் சிரித்தார் பார், கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார், மருந்து விட்ட கண்ணைக் கசக்காதீங்க என்று நான்தான் கையைத் தட்டிவிட்டேன்.

மறுநாள் டாக்டரிடமும் காட்டிவிட்டோம், பார்வை நன்றாக இருக்கிறதாம், அடுத்த மாதம் வண்டி எடுக்கலாமாம். முதலாளியும், நீங்க சொன்னதை நான் காதுலயே போட்டுக்கலண்ணே என்றுவிட்டார்.

நீயும் அப்பா மாதிரி எதையும் மனசுக்குள் வைத்துப் புழுங்காதே, எங்களிடம் சொல்லிவிடு. வேளாவேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மறந்துவிடாதே, இந்தக் கதையை உன்னிடம் அப்பாவே சொல்லப்போகிறாராம். அவர் சொல்வதில் பயந்தது நானாக இருக்கும். முதல் தடவை கேட்கிற மாதிரியே கேட்டுக்கொள்.

எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா