ஐந்தாவது வரி

இன்று காலை புதிதாக வந்த எலக்ட்ரீஷியன் மெயின் சுவிட்சை இறக்கினார். கூடத்து மூலையில் இன்வர்ட்டர் 'டிக்' என்றது. மின்விசிறி வேகம் குறையாமல் சுற்றியது. அதன் அடியிலிருந்து எழுந்து சுவரோரம் போய் நின்றேன். நீ போன பிறகு அந்தக் காற்று எனக்கு ஆகவில்லை.

பழைய ஒயரை மாற்ற நீ வந்த அன்றைக்கு ஒரு தாளில் ஏழு வரி எழுதி வைத்திருந்தேன். ஐந்தாவது வரி: 'சமையலறை விளக்கும் இன்வர்ட்டர் லைனில் உள்ளது.' நீ காஞ்சிபுரத்தில் வேலையாக இருந்தபோது வேறொருவர் அப்படி இணைத்துவிட்டுப் போனார். அவரை விட்டால் அது எனக்கு மட்டுமே தெரியும்.

தாளைப் பார்த்ததும் சிரித்தாய். "இன்னா வாத்தியாரே, சீர்வரிசை லிஸ்டா? எனக்கே கரண்டு பாடமா?" சுவர் கொத்த வந்தவர்களும் சிரித்தார்கள். பள்ளியில் முப்பது ஆண்டு இயற்பியல் நடத்தியவன், கூசிப்போய்த் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மெயினை இறக்கினாய். இன்வர்ட்டரையும் நிறுத்திவிடலாமே என்று மெல்ல இழுத்தேன்.

"ஓடட்டும்பா, இந்த வெயில்ல நீ பேஜாராவாத. கூடத்து ஃபேனும் லைட்டும்தானே அதுல கீது? அங்க நான் கைய வெக்கல."

அப்போது ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். எப்படியும் நீ சோதித்துப் பார்த்துவிடுவாய் என்று நினைத்தேனா, மறுபடி சிரிப்பார்கள் என்று பயந்தேனா? இன்றும் எனக்கு உறுதியில்லை.

சமையலறைச் சுவரைக் கொத்துவதற்காக நனைத்திருந்தார்கள், தரையெல்லாம் ஈரம். மெயின் இறங்கியிருக்கிறதே என்று, ஸ்டூலில் ஏறி விளக்கு ஒயரைத் தொடுமுன் நீ டெஸ்டர் வைத்துப் பார்க்கவில்லை. நான் கூடத்தில் நீ விட்டுவைத்த காற்றை வாங்கிக்கொண்டிருந்தேன். ஸ்டூல் சாயும் சத்தம் கேட்டது.

"அது எப்பவுமே அவசரக் குடுக்கைண்ணா, எதையும் பாக்காது" என்று உன் பதினாறாம் நாள் காரியத்தில் உன் மனைவி என்னிடம் அழுதார். ஊரும் அதையே சொல்கிறது. நான் தலையை ஆட்டினேன்.

இன்று வந்தவருக்கு அந்தத் தாளை எடுத்துப் படித்துக் காட்டத் தொடங்கினேன். "இன்னா சார், மளிகை லிஸ்டா?" என்று அவரும் சிரித்தார். நிறுத்தாமல் படித்தேன். ஐந்தாவது வரியைப் படித்தேன். அதை மறுபடி படித்தேன். அவர் சிரிப்பை விட்டுவிட்டு, இன்வர்ட்டரை நிறுத்தி, பேட்டரி ஒயரையும் கழற்றினார். விசிறி மெல்லத் தளர்ந்து நின்றது. அந்த வரியைப் படிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

தாள் மறுபடி என் சட்டைப்பையில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கென்று கிளம்பி, இரண்டு முறை ஏரிக்கரை வரை போய்த் திரும்பிவிட்டேன். உன் மனைவிக்குப் படிக்கத் தெரியும். நான் வாய் திறக்கக்கூட வேண்டாம், நீட்டினால் போதும்.