பைன் கன்றுகளும் உன் அப்பாவின் வேலையும்

யேசு மரி சூசை காவல்

தளி,
ஜூலை 1956

அன்பு மகன் அருள்ஜோசப்புக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை தேவமணியும் ஆண்டவர் புண்ணியத்தில் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், டேராடூன் மழையில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவை ஏன் சேர்த்து எழுதவில்லை என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பாரஸ்ட் நாற்றங்காலில் அப்பா வளர்த்த பைன் கன்றுகள் மஞ்சளாகிப் போகின்றன என்று போன வருஷம் உனக்கு எழுதினேன், வாடின கன்று ஒன்றையும் காகிதத்தில் மடித்து வைத்து அனுப்பினேன். காட்டு மரங்களைப் படிக்கிற பிள்ளை, பார்த்தால் ஏதாவது சொல்வான் என்று நம்பினேன். அப்பா வேலை விஷயத்தில் நான் தலையிட்டால் இங்கே என் பேர் கெடும் என்று இரண்டு வரி எழுதினாய், அவ்வளவுதான். கன்றுகள் பாத்தி பாத்தியாகச் செத்தன. தண்ணீர் விடாமல் தூங்கினான், எருவை விற்றுத் தின்றான் என்று ரேஞ்சர் எல்லார் முன்னாலும் பேசி அப்பாவை வேலையிலிருந்து நீக்கினார். "மவன் டேராடூன்ல காட்டுப் படிப்பு படிக்கிறான், அப்பனுக்கு ஒரு செடி வளக்கத் தெரியல" என்று சிரித்தாராம். காவலாளி கிருஷ்ணப்பன் சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்று முதல் ஜூஜுவாடி செக்போஸ்டில் லாரிக்கு மூட்டை ஏற்றி இறக்குகிறார், வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வருகிறார், இடுப்பு நிமிரவில்லை, கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்.

பொங்கல் கழிந்து, மரங்களை ஆராய்ச்சி செய்கிற பெரியவர் ஒருவர் பெங்களூரிலிருந்து வந்தார். கன்று வளர்த்த ஆளைக் கூப்பிடுங்கள் என்று சொல்லவும் அப்பாவை வரவழைத்தார்கள், நானும் கூடப் போனேன். அவர் ஒரு கன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்துவிட்டு, தண்ணீரிலும் குறையில்லை எருவிலும் குறையில்லை என்றார். பைன் வேரைப் போர்த்திக்கொண்டு ஒரு காளான் சாதி மண்ணுக்குள் வாழுமாம், அது மண்ணின் சத்தை எடுத்து வேருக்குக் கொடுக்குமாம், மரம் அதற்குத் தீனி போடுமாம். நம் காட்டு மரங்களோடு வாழ்கிறவை வேறு, அவை பைனோடு ஒட்டாது, மேலே எந்த மரம் நிற்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அடிமண்ணில் எது குடியிருக்கும் என்று விளக்கினார். பூசணம் என்றாலே வேர் அழுகும் என்றுதான் நமக்குத் தெரியும். பழைய துரை பங்களாவில் ஊட்டியிலிருந்து மண்ணோடு கொண்டுவந்து நட்ட பைன் மரங்கள் நிற்கின்றனவே, அதன் அடிமண்ணை வெட்டி வந்து பாத்தியில் கலக்கச் சொன்னார். கலந்தார்கள். மிஞ்சின கன்றுகள் இப்போது பச்சைப் பசேலென்று நிற்கின்றன, இந்த மழைக்கு அதன் காலடியில் சின்னச் சின்னக் காளான்கூட முளைத்திருக்கிறது. மருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்திருக்கிறது, சொல்ல ஒரு ஆள் இல்லை. ரேஞ்சரை மேலிடத்தில் பாராட்டினார்களாம். அப்பாவின் வேலையில் இப்போது ரேஞ்சரின் மச்சினன் இருக்கிறான், உன் மேல் தப்பில்லை, வா என்று அப்பாவை யாரும் கூப்பிடவில்லை.

பெரியவரிடம் நான்தான் கேட்டேன், இதையெல்லாம் டேராடூனில் சொல்லித் தருவார்களா என்று. முதல் வருஷமே சொல்லித் தருவார்கள் அம்மா என்றார். அப்பா சட்டென்று, "எம் மவன் அன்னிக்கு வகுப்புக்குப் போயிருக்க மாட்டான் சாமி, அவனுக்கு அடிக்கடி காய்ச்சல் வரும்" என்றார். ரேஞ்சர் ஏசினபோது நிமிர்ந்து நின்ற மனுஷன், இதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தார்.

தேவமணி எட்டாவது தேறிவிட்டாள். மழையில் நனையாதே, வேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே. லீவுக்கு வரும்போது, அன்று காய்ச்சலாகப் படுத்திருந்தேன் என்று அப்பாவிடம் சொல்லிவிடு, அவர் நம்பிக்கொள்வார். என்னிடம் மட்டும் சொல்லாதே. தேவமாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
லூர்தம்மாள்