சேலைத் தட்டும் மில் பங்கும்

ஏனுங்க,

பத்து மணிக்கு எங்கண்ணன் தங்கதுரை வர்றாருங்க. அப்பா விட்டுட்டுப் போன தேங்காநார் மில்லுல எனக்கிருக்கற பங்கைத் தன் பேருக்கு மாத்திக்க ஃபாரம் கொண்டு வருவாரு. கூடவே தட்டுல சேலையும் பழமும் இருக்கும். தட்டை வாங்கிடாதீங்க. சீர் வாங்கிட்டா பங்கை விட்டுக்குடுத்துட்டதாத்தான் எங்க சனம் பேசும். ஆனா வாங்காம திருப்பி அனுப்புனா பொறந்த ஊட்டு உறவே அத்துப்போகும். என்ன பண்றதுன்னே தெரியலீங்க. டேபிள் மேல வெக்கச் சொல்லிருங்க, நீங்க தொடாதீங்க.

குழம்பு அடுப்பு மேல இருக்குது. உங்க மச்சானைச் சாப்பிட வெச்சு அனுப்புங்க. நேத்து எங்கிட்டக் கத்துன மாதிரி அவருகிட்டக் கத்தாதீங்க.

என்னைக் கேட்டா கோயிலுக்குப் போயிருக்கறேன்னு சொல்லுங்க.

வனிதா

கையெழுத்துப் போடுன்னு அண்ணன், போடாதேன்னு நீங்க. எனக்கு என்ன வேணும்னு ரெண்டு பேருமே கேக்கலை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது.

கோயிலுக்குப் போகலீங்க. கோபாலபுரத்துக்கு, மில்லுக்குத்தான் போறேன். பங்கு எம் பேருக்கு வந்து பதினெட்டு வருசமாச்சு, ஒரு நாளும் வாசல் கேட்டைத் தாண்டி உள்ள போனதில்லை. எதை விடச் சொல்றாங்கன்னு ஒருக்கா கண்ணால பாத்துட்டு வந்துர்றேன்.