வெள்ளையாக நின்ற வடக்குச் சுவர்

தை 4, வெள்ளி.

முன்னறைக்கு இன்றைக்குத்தான் நிறம் அடித்தோம். மூன்று சுவருக்கு மயில்நீலம், கதவுக்கு மஞ்சள். மாமனார் காலத்துச் செதுக்கு நாற்காலிக்குச் சிவப்பு மெத்தை தைத்துப் போட்டேன். மேலே உள்ள பழைய மரத்தட்டுக் கூரைக்குக் கீழே அறை திருவிழாப் பந்தல் மாதிரி இருக்கிறது.

பார்வை மங்கத் தொடங்கிய நாளிலேயே என் வீட்டுக்காரர் கேட்டார். "வெள்ளச் செவத்துல வெள்ளக் கதவு எனக்குத் தெரியல்ல. நல்ல மயில்நீலமா அடி, இடிக்காம நடப்பேன்." பழைய வீட்டுக்கு வெள்ளைதான் அழகு, வருகிறவர்கள் சிரிப்பார்கள் என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டது நான்தான். அதற்குள் கதவில் இடித்து இரண்டு முறை நெற்றியை உடைத்துக்கொண்டார்.

வடக்குச் சுவரில் சாமிப் படங்கள். வெள்ளிக்கிழமை அவற்றை இறக்க வேண்டாம் என்று பெயிண்டர் தாசனிடம் சொன்னேன். "அப்ப இந்தச் செவரு மட்டும் நாளைக்கு அடிக்க வாறேன் அக்கா" என்று உதியன்குளங்கரைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

சாயங்காலம் அவர் தடவித் தடவி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் நின்று கேட்டேன்.

"தெரியுதா?"

நிமிர்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா தெரியுது கேட்டியா. நான் சொன்ன அதே நீலம் ஆக்கும்."

அவர் பார்த்துக்கொண்டிருந்தது வடக்குச் சுவரை.

"ஆமா" என்றேன்.

நாளை தாசன் வந்ததும் உடனே அந்தச் சுவரை அடிக்கச் சொல்லவேண்டும். இனி அவர் எந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாலும் அது நீலமாகவே இருக்கட்டும்.