உள்ளான் என்பவரைக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸ்

அனுப்புநர்:
ஐஸ் கம்பெனியில் கட்டி உடைப்பவன்,
துறைமுகப் பின்தெரு.

பெறுநர்:
கரையோர நில அலுவலர் அவர்கள்.

பொருள்: மணல் திட்டில் இருப்பது ஆள் அல்ல, பறவை, இன்றைய அகற்றும் பணியைப் பன்னிரண்டு நாள் தள்ளிவைக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு அவர் எந்த வகையிலும் உறவு இல்லை. ‘மணல் திட்டில் உள்ளான் என்று நீர் மரியாதையின்றிக் குறிப்பிட்டுள்ள நபர் யார், உமக்கு என்ன உறவு?’ என்று தாங்கள் கேட்டிருந்ததற்கு இதுதான் பதில். உள்ளான் என்பது பறவையின் பெயர், கொக்கு, நாரை என்பதுபோல. உள்ளங்கையில் அடங்கும். மரியாதை கொடுத்து ‘உள்ளார்’ என்று எழுதினால் யாருக்கும் அடையாளம் தெரியாது.

1. சென்ற வாரம் வேலைக்குப் போகும் அவசரத்தில், ‘மணல் திட்டில் உள்ளான். கூட்டம் பெரிது. யாரும் அங்கே போக வேண்டாம்’ என்று மனு எழுதினேன். பறவை என்ற சொல் அதில் இல்லை, தப்புதான். “ரெண்டு வருஷம் காலேஜ் போனியே, நாலு வரி ஒழுங்கா எழுதத் தெரியாதா?” என்று அக்கா கேட்டுவிட்டாள். தாங்களும் கேட்க வேண்டியதில்லை.

2. மனு ஆக்கிரமிப்புப் பிரிவுக்குப் போயிருக்கிறது. மூன்று நாளில் காலி செய்யாவிட்டால் திட்டு இயந்திரம் கொண்டு சமன்படுத்தப்படும் என்று அங்கே பலகை நட்டிருக்கிறார்கள். பலகைமேல் ஒன்று உட்கார்ந்து எச்சமிட்டதைப் பார்த்தேன். நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதாகத் தாங்கள் பதிவு செய்துகொள்ளலாம்.

3. காலை ஷிப்டுக்கு முன் கம்பெனி மொட்டைமாடியில் நின்று எண்ணுகிறேன். நேற்று அறுநூற்றுப் பன்னிரண்டு. குளிர்காலம் முழுக்கத் தெற்கே இருந்துவிட்டு, முட்டையிட வடக்கே போகும் வழியில் இறங்கியவை. ஈர மணலில் புழுவைத் தின்று கொழுப்பு ஏற்றினால்தான் அவ்வளவு தூரம் தாங்கும். இப்போது விரட்டினால் பாதிக் கடலில் விழும். பாதியில் விட்டால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். நான் படிப்பை விட்டவன். ஆனால் எனக்கு விழுந்து எழ ஐஸ் கம்பெனி இருந்தது.

4. இதையெல்லாம் தங்கள் எழுத்தரிடம் மூன்று முறை சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நோட்டீஸ் போட்டாச்சுன்னா போட்டாச்சு தம்பி. சம்பந்தப்பட்டவரையே நேர்ல வந்து எழுதிக் குடுக்கச் சொல்லுங்க” என்றார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்குப் புகார் இல்லை.

5. இயந்திரம் இன்று காலை கரைக்கு வந்துவிட்டது. ஓட்டுநர் அண்ணன் பறவைகளைப் பார்த்துவிட்டு, “எனக்கும் மனசு வரல தம்பி. ஆபீஸர் கையெழுத்துல ஒரு தாள் கொண்டா, வண்டியத் திருப்பிடுறேன். இல்லேன்னா என் வேலை போயிடும்” என்றார்.

ஆகவே, ‘பன்னிரண்டு நாள் பொறுக்கவும்’ என்று இந்த மனுவின் ஓரத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டால் போதும். தனித் தாள், முத்திரை எதுவும் அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு திட்டில் ஒரு இறகுகூட இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் அறை வாசலில் நிற்பவன்.

இடம்: தங்கள் அலுவலக மாடிப்படி
நாள்: ஏப்ரல் 9, காலை பத்தே கால்

பி.கு.: டீ குடித்து முடிக்கும்வரை வண்டியைக் கிளப்ப மாட்டேன் என்று ஓட்டுநர் அண்ணன் சொல்லியிருக்கிறார். அவர் டீயை ஆறவிட்டுக் குடிப்பவர் இல்லை. சீக்கிரம் ஐயா, நான் போக வேண்டும்.